ஏரிக்குள் இறங்கிய சோபா

எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஜீப் கூட்டத்தில் பாய் சொன்னால் சொன்னதுதான். பூந்தமல்லியில் மெத்தைக் கடை வைத்திருப்பவர். இலவம் பஞ்சு, தேங்காய் நார், ஃபோம் என்று ஊருக்கெல்லாம் முதுகு நோகாமல் படுக்க வழி செய்கிறவர், தான் ஓட்டும் ஜீப்பில் மட்டும் கையளவு பஞ்சு வைக்க மாட்டார். ரெக்சின் கிழிந்து கீழே தகரம் தெரியும் சீட்டில் உட்கார்ந்துதான் ஏரிக்கு வருவார். கேட்டால், "மெத்த தூங்கறதுக்கும்மா. வண்டி முழிச்சினு கீறதுக்கு" என்பார்.

அவர் மீது எனக்கு மரியாதை உண்டு. கோபமும் உண்டு. இரண்டும் ஒரே ஆளின் மேல் வருவது கல்யாணத்துக்கு வெளியே அபூர்வம்.

ஏரி என்றால் படகு விடுகிற ஏரி இல்லை. பாரிவாக்கத்தைத் தாண்டி, புதிது புதிதாக முளைக்கும் அடுக்குமாடிகளுக்குப் பின்னால், லாரிக்காரர்கள் மண்ணெடுத்துப் பள்ளமாக்கிப் போட்ட ஓர் இடம். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். நல்ல மழை பெய்துவிட்டால் முழங்கால் சேறு. ஞாயிறு விடிந்ததும் எங்களைப் போலக் கொஞ்சம் பேர் ஜீப்களோடு அங்கே இறங்கிவிடுவோம். வெளியாள் பார்த்தால், நல்ல ரோட்டை விட்டுவிட்டு இந்தக் கூட்டத்துக்கு ஏன் இந்த வேலை என்றுதான் நினைப்பார். என் மாமியார் அதை வாய்விட்டே கேட்டிருக்கிறார்.

கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. என் வீட்டுக்காரர் ஐ.டி.யில். ரோட்டில் பள்ளம் வந்தாலே "பாத்து, பாத்து" என்பவர். அவருக்குச் சேறும் பிடிக்காது, ஜீப்பும் பிடிக்காது, நான் ஓட்டுவது மட்டும் பிடிக்கும். பிளாஸ்கில் டீயோடு கரையில் நின்று, நான் பள்ளத்தில் இறங்கும்போது கண்ணை மூடிக்கொள்வார், ஏறும்போது திறப்பார். இதைவிட நல்ல புருஷன் யாருக்கு வாய்க்கும்?

கூட்டத்தில் இரண்டே சட்டங்கள். இரண்டும் பாய் போட்டவை. சேற்றில் யாருடைய வண்டி நின்றுபோகிறதோ அவர் அன்றைக்கு எல்லோருக்கும் காலை நாஷ்டா வாங்கித் தர வேண்டும். அது பரவாயில்லை. இரண்டாவதுதான் கொடுமை. அந்த நாஷ்டா முடியும் வரை அவர் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. டயர் சரியில்லை, பள்ளம் ஆழம், கிளட்ச் வழுக்கியது என்று சாக்குச் சொல்லக் கூடாது. வண்டியைத் தவிர வேறு பேச்சே தெரியாத ஆட்கள் வடகறியை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

பாய் ஒரு நாளும் வாய் மூடி உட்கார்ந்ததில்லை. அவர் வண்டி நின்றதே இல்லை.

என்னிடமும் அப்போது பழைய ஜீப் ஒன்று இருந்தது. தார்ப்பாய்க் கூரை, கையால் தள்ளித் திறக்கும் கண்ணாடி, ஏ.சி. கிடையாது, பாட்டுக் கிடையாது. பாட்டுப் போட்டாலும் எஞ்சின் சத்தத்தில் கேட்டிருக்காது. ஏரியிலிருந்து திரும்பியதும் வாசலில் நிறுத்தி, உள்ளே வெளியே என்று பார்க்காமல் தண்ணீர்க் குழாயால் அடித்துக் கழுவிவிடலாம். வழியில் ஏதாவது கழன்றால் கட்டுக் கம்பியும் ஒரு ஸ்பேனரும் போதும். எந்தச் சக்கரம் கல்லில் ஏறுகிறது, எது சேற்றில் வழுக்குகிறது என்பதெல்லாம் சீட்டு வழியாக நேரே முதுகெலும்புக்கு வந்து சேர்ந்துவிடும். நான் கண்ணால் ஓட்டியதைவிட முதுகால் ஓட்டியதுதான் அதிகம். அந்த வண்டியைப் போல ஒளிவு மறைவு இல்லாத ஒன்றை நான் மனிதர்களில்கூட அதிகம் பார்த்ததில்லை.

முதுகால் ஓட்டியதற்கு முதுகே கணக்குத் தீர்த்தது. டிஸ்க் நழுவி நரம்பை அழுத்தி, ஒரு நாள் காலையில் செருப்பு மாட்டக் குனிந்தவள் நிமிரவில்லை. அறுவை சிகிச்சை, படுக்கை, இடுப்பு பெல்ட், பிசியோதெரபி என்று போயின மாதங்கள். இனி மெதுவாக வண்டி ஓட்டலாம், ஆனால் குலுக்கல் கூடாது என்றார் டாக்டர். "ஜீப்பை வித்துருங்க" என்று அவர் சொன்னபோது, ஏதோ பழைய பேப்பரை எடைக்குப் போடச் சொல்வதைப் போல இருந்தது. நான் அங்கேயே அழுதேன். ஊசி போட்டபோது அழாதவள்.

நான் படுத்திருந்த நாட்களில் பாய் ஒரு தடவை வீட்டுக்கு வந்தார். வெறுங்கையோடு இல்லை, தோளில் ஒரு மெத்தையோடு. எங்கள் குடியிருப்பில் அன்று லிஃப்ட் ரிப்பேர். நார் மெத்தை கனம் கனக்கும். அதைச் சுருட்டிக் கட்டி, இந்த வயதில், மாடி மாடியாகத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். வேர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. "ஆஸ்பத்திரிக்காரன் குடுத்த மெத்தைல படுக்காத. இதுல படு. கடையில இருந்து எட்த்துகினு வர்ல, உனக்குன்னு கெட்டியா போடச் சொன்னேன்" என்றார். அந்த நிமிடம் அவர் காலில் விழலாம் போல இருந்தது. குனியத்தான் முடியாதே.

அவருடைய மனைவியும் கூட வந்திருந்தார். ஆனால் மேலே வரவில்லை. முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனவர். படி ஏற முடியாது என்று கீழே ஆட்டோவிலேயே உட்கார்ந்துகொண்டார். நான் சுவரைப் பிடித்தபடி பால்கனிக்குப் போய்ப் பார்த்தபோது ஆட்டோவுக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து ஆடியது. கருப்புத் துணிக்குள் கண்ணாடி வளையல்கள். நானும் கையாட்டினேன். அதுதான் எங்கள் அறிமுகம்.

நான் திரும்ப உள்ளே வந்து படுத்ததும் என் வீட்டுக்காரர் பாயிடம் மெல்லப் பேச்செடுத்தார். இப்போதெல்லாம் சொகுசான ஜீப்கள் வந்திருக்கின்றன, கிளட்சே கிடையாது, சீட்டெல்லாம் மெத்துமெத்தென்று இருக்கிறது, ஃபோர் வீல் டிரைவும் உண்டு, அதில் ஒன்று வாங்கினால் இவள் ஏரிக்கும் வரலாமே என்றார்.

பாய் முகம் மாறிவிட்டது. "இன்னா சார் நீங்க. சோபாவ இட்டுகினு போயி சேத்துல எறக்கறதா? வண்டி நம்மளுக்காவ மாறக் கூடாது. அது கேக்கறத நாம குடுக்கணும். முடிலயா, ஊட்ல குந்திக்கணும். அதான் மரியாதி."

கட்டிலில் கிடந்த எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மெத்தையைச் சுமந்து வந்த மனிதரே அதைச் சொன்னார் என்பதால் இன்னும் எரிந்தது. "பாய், அப்ப நான் இனிமே ஏரிப் பக்கமே வரக் கூடாதா?" என்றேன்.

"நீ கரையில நில்லும்மா. டீ குடி. யார் வேணாங்கறா?"

கரையில் நிற்பதற்கு எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஓர் ஆள் இருக்கிறார் என்று சொல்ல வந்ததை விழுங்கினேன். ஆனால் அந்த நொடியில் முடிவெடுத்தேன். எப்பாடு பட்டாவது திரும்ப அந்தச் சேற்றில் இறங்குவது. வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

பழைய ஜீப்பைத் திருவள்ளூர்ப் பக்கம் கத்திரிக்காய் போடும் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். புதியதை வாங்கப் போனபோது ஷோரூமில் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. கதவோரம் கலர் கலராக விளக்கு எரிகிறதாம். சீட்டுக்குள்ளிருந்து காற்று வருகிறதாம். தரையில் கம்பளம். சேற்றுச் செருப்போடு ஏறுகிற வண்டிக்குக் கம்பளம் எதற்கு என்று கேட்டேன். "மேடம், நீங்க சேத்துக்கெல்லாம் போவீங்களா?" என்று விற்பனைப் பையன் சிரித்தான். சேற்றில் போவதற்கென்று செய்த வண்டியை விற்கிறவனுக்கே, அது சேற்றில் போகும் என்று நம்பிக்கையில்லை. பாய் கோபப்படுவதில் பாதி நியாயம் இருக்கிறது என்று அப்போது தோன்றியது.

மீதிப் பாதியைப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் தெரிந்துகொண்டேன். வேலப்பன்சாவடி பக்கம் ரோடு தோண்டிப் போட்டிருந்தார்கள். பழைய வண்டியில் அந்த இடம் வரும்போது பல்லைக் கடித்துக்கொள்வேன். இதில் ஏறி இறங்கியபோது, வயிற்றுப் பிள்ளைக்காரியைக் கைபிடித்துக் கூட்டிப்போவதைப் போல வண்டி என்னைத் தாங்கிக்கொண்டு போயிற்று. இரும்பு அதே இரும்புதான். பெரிய சக்கரம், உயர்ந்த வயிறு, முரட்டு எஞ்சின். முரடாக இருப்பது வேறு, ஏறியவர்களை முரட்டுத்தனமாக நடத்துவது வேறு. இவ்வளவு நாள் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

டாக்டரிடம் கேட்டேன். சேறு மெத்தென்றுதானே இருக்கும், கல்லில் குதிக்க மாட்டேன், மெதுவாகப் போவேன் என்று கெஞ்சினேன். பெல்ட் போட்டுக்கொண்டு போங்கள், வலித்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள் என்றார். அதை நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டார்.

மழை விட்ட ஒரு ஞாயிறு. புது வண்டியோடு ஏரிக்குப் போய் இறங்கியதும் எல்லோரும் சுற்றி வந்து பார்த்தார்கள். பாய் விடியற்காலை சுபுஹு தொழுகை முடித்து நேரே வந்திருந்தார், தொப்பி தலையிலேயே இருந்தது. கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னா தங்கச்சி, இது வண்டியா, கல்யாண மண்டபமா? ஏசி கீது, பாட்டு கீது, சீரியல் லைட் கீது. பொண்ணு மாப்ளதான் காணோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு ஏறினேன். சிரிப்பு அடங்கட்டும் என்று எந்தப் பள்ளத்தில் வழக்கமாக எல்லோரும் திணறுவார்களோ அதிலேயே நேரே இறக்கினேன். புத்தி வேண்டாமா? இருந்தால் அன்றைக்கு ஏன் அதைச் செய்கிறேன்?

பாதிப் பள்ளம் வரை வெண்ணெய் மாதிரிப் போயிற்று. அப்புறம் சக்கரம் வழுக்கியது. வழுக்கிய உடனே வண்டி தானாகவே விசையைக் குறைத்துவிட்டது. நான் மிதிக்கிறேன், அது அடங்குகிறது. இன்னும் மிதிக்கிறேன், இன்னும் அடங்குகிறது. வழுக்கினால் ஆபத்து என்று அதற்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். தார் ரோட்டில் அது சரி. சேற்றில் கொஞ்சம் வழுக்கித்தான் ஏற வேண்டும் என்று யார் அதற்குச் சொல்வது? நின்றுவிட்டேன். உள்ளே குளுகுளு என்று காற்று, ஒரு சத்தமில்லை. சக்கரம் எங்கே இருக்கிறது, அடியில் என்ன நடக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. என் முதுகுக்கு இந்த வண்டி எதையுமே சொல்லவில்லை.

வெட்கத்தில் காது சுட்டது. கரையில் என் வீட்டுக்காரர் கண்ணைத் திறக்கவே இல்லை.

அப்போது பாய் ஓடினார். கிண்டல் செய்ய இல்லை, தன் ஜீப்புக்கு. "அசையாத தங்கச்சி! முதுக ஆட்டாத! நான் வரேன்!" என்று கத்திக்கொண்டே ஏறி, எனக்குப் பக்கவாட்டில் வேகமாகச் சேற்றுக்குள் விட்டார். விட்டவர் அப்படியே நின்றார். பின்சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு அச்சு வரை புதைந்தன. முன்சக்கரங்கள் சும்மா இருந்தன.

பழைய ஜீப்காரர்களுக்கு உடனே புரியும். அந்த வண்டிகளில் முன்சக்கரத்தின் நடுவில் வட்டமாக ஒரு திருகு இருக்கும். சேற்றில் இறங்கும் முன் கீழே இறங்கி, இரண்டு பக்கமும் அதைக் கையால் திருப்ப வேண்டும். திருப்பாமல் உள்ளே எந்த கியரைப் போட்டாலும் முன்சக்கரத்துக்கு விசை போகாது. புதிதாகக் கூட்டத்துக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் பாய் முதல் பாடமாகக் கத்துவது அதைத்தான். அவரே மறந்துவிட்டார். என் முதுகை நினைத்துக்கொண்டு ஓடியதில் மறந்துவிட்டார்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். பாய் தன் முன்சக்கரத்தைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் சிரிக்கவில்லை.

ஏ.சி.யை அணைத்தேன். எல்லாக் கண்ணாடியையும் இறக்கினேன். வழுக்கலைத் தடுக்கும் அமைப்பின் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் வண்டி தன் புத்திசாலித்தனத்தைக் கொஞ்ச நேரம் ஒத்திவைக்கும் என்று வாங்கியபோது சொல்லியிருந்தார்கள். அழுத்தினேன். மஞ்சள் விளக்கு எரிந்தது. தலையை வெளியே நீட்டி டயர் சேற்றை மெல்லும் சத்தத்தைக் கேட்டேன். முதுகு சொல்ல முடியாததைக் காது சொல்லட்டும். வந்த தடத்திலேயே கொஞ்சம் பின்னால், கொஞ்சம் முன்னால். சத்தம் சளக் சளக்கென்பதிலிருந்து கரகரவென்று மாறியது. கெட்டி மண் பிடிபட்டுவிட்டது. அவசரப்படாமல் மிதித்தேன். சோபா எழுந்து, குலுங்காமல், மேட்டில் ஏறி நின்றது.

என் வீட்டுக்காரர், சேறென்றால் ஆகாதவர், பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கி இழுவைப் பட்டையை இரண்டு வண்டிக்கும் மாட்டினார். மேட்டிலிருந்தபடி பாயின் ஜீப்பை வெளியே இழுத்தேன். கூட்டம் கைதட்டியது. என் முதுகு அப்போதும் வாய் திறக்கவில்லை.

"நின்னா மாட்னதுதான்" என்பது பாயே சொன்ன விளக்கம். அதன்படி நான் தானாகவே வெளியே வந்தாலும் குற்றவாளிதான், அவரும் குற்றவாளி. பூந்தமல்லியில் வழக்கமான ஹோட்டலில் எல்லோருக்கும் எங்கள் இருவர் செலவில் இட்லி, வடகறி. நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள் எங்களுக்கு முன்னாலேயே சோபா நல்லதா தகரம் நல்லதா என்று பட்டிமன்றம் நடத்தினார்கள். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. பாய் இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தார், சாப்பிடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் சாய்ந்தார்.

"வண்டியப் பத்திதான பேசக் கூடாது? ஊட்டப் பத்திப் பேசலாம்ல?"

"பேசுங்க பாய்."

"எங்க ஊட்டுக்காரி கீறாளே, அவளுக்கு எம்மேல ஒரு கொற. நிக்கா ஆன புதுசுல ஒரு தபா என்னோட வந்தா. அப்பறம் முட்டி போச்சு. ஏற முடில. நானும் வுட்டுட்டேன். ஞாயித்துக்கெழம நான் கெளம்பறப்போ கதவாண்ட நிப்பா. ஒண்ணும் கேக்க மாட்டா." டம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்தார். "முடிலன்னா ஊட்ல குந்திக்கணும்னு உன்னாண்ட சொன்னேன்ல. அன்னிக்கு ஊட்டுக்குப் போற வழியெல்லாம் அவளப் பாத்தா, கீழ ஆட்டோல குந்தினே நான் சொன்னத கேட்டுட்ட மாதிரி இருந்திச்சு."

அவ்வளவு பெரிய மனிதர் அப்படிச் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை. எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அடுத்த வாரம் அவங்களக் கூட்டிட்டு வாங்க பாய்."

"என் தகரத்துல எப்டி கூட்டினு வர்றது? நீ இட்டுகினு வா."

அடுத்த ஞாயிறு அவர்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் கதவுக்குக் கீழிருந்து படிப்பலகை தானாக வெளியே வந்தது. ஷோரூமில் நான் மூக்கைச் சுளித்த சமாசாரங்களில் அதுவும் ஒன்று. அந்த அம்மா அதைப் பார்த்து, "ஐயோ, இதுவா வருதே!" என்று வாயில் கை வைத்தார். பாய் ஒரு கையால் அவரைத் தாங்கி, மறுகையால் சீட்டை அமுக்கிப் பார்த்தார். கடைக்காரப் புத்தி. "ஃபோம் நல்லாத்தான் போட்டுகிறான்" என்று முணுமுணுத்தார். பிறகு தன் ஜீப்பில் எங்களுக்கு முன்னால் போனார்.

ஏரியில் நான் அந்தப் பள்ளத்தில் மெதுவாக, மிக மெதுவாக இறக்கினேன். கண்ணாடிகளை இறக்கிவிட்டிருந்தேன். அந்த அம்மா மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சேறு சிதறி ஜன்னல் வழியாக வந்து அவர் கன்னத்தில் ஒட்டியது. துடைக்கவில்லை. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தபோது சின்னப் பெண் மாதிரிக் கத்தினார். நிமிர்ந்தபோது சிரித்தார். எதிர்க்கரையில் பாய் தொப்பியைக் கையில் கழற்றி வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதும் பிள்ளைக்கு வெளியே காத்திருப்பவரைப் போல நின்றார்.

கரை ஏறி அவர் பக்கத்தில் நிறுத்தினேன். அந்த அம்மா ஜன்னலில் தலையை நீட்டினார்.

"இந்தாங்க, இம்மாம் வருசமா இத தனியாவா பாத்துகினு இருந்தீங்க?"

பாய் மனைவியின் கன்னத்தில் இருந்த சேற்றைக் கட்டை விரலால் துடைத்துவிட்டார். அவ்வளவு பேர் பார்க்க.

"திருப்பு கண்ணு" என்றார் அந்த அம்மா என்னிடம். "இன்னொரு தபா போலாம். உனுக்கு முதுகு வலிக்கிதா?"

அவர் கேட்ட பிறகுதான் எனக்கு முதுகு என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வந்தது. வலிக்கவில்லை. வண்டியைத் திருப்பினேன்.